பொம்மையின் நாய்க்கு எடுத்த அளவு

ஊசி விஷயத்தில் எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்ற திமிரில்தான் அந்த வேலையை ஒத்துக்கொண்டேன். மாத்தளை டவுனில் நாற்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். யட்டவத்தையிலிருந்தும் லக்கலையிலிருந்தும் பஸ் ஏறி வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரே பெண். ஞாயிறு பின்னேரங்களில் போனில் முகம் காட்டிப் பேசுவார்கள். அப்படி ஒரு நாள் பேத்தி தன் பொம்மையைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்துச் சொன்னாள்:

"தாத்தா, இவளுக்கு ஒரு நாய் வேணும். உங்க கடை வாசல்ல படுத்திருக்கே, அந்த நாய்."

அது யாருடைய நாயும் இல்லை. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், தெருவில் எல்லார் வீட்டுச் சோறும் அதற்கு உண்டு. போனுக்குள்ளிருந்து அவள் அதைக் கவனித்து வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருளும் அதுதான். சட்டை தைத்து அனுப்பட்டுமா என்று நான் கேட்கும் போதெல்லாம், "இங்க எல்லாம் ரெடிமேடா கிடைக்குதுப்பா, நீங்க சிரமப்படாதீங்க" என்று மகள் தடுத்துவிடுவாள். அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் அதைக் கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது.

"எவ்வளவு உயரம் உன் பொம்மை?" என்று கேட்டேன். அவள் பொம்மையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தது.

"அளவு எடுத்து அனுப்பவாப்பா?" என்றாள் மகள்.

"எனக்கே அளவு சொல்லித் தர்றியா நீ?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

ஊருக்கு வந்த ஒருவர் மூலமாக, ரோமத்தில் பொம்மை செய்கிற ஊசிகளும், செம்மறி ஆட்டு ரோமமும், அடியில் வைத்துக் குத்துவதற்கு ஒரு பஞ்சு மெத்தையும் கொடுத்தனுப்பினாள். அந்த ஊசியில் காதே இல்லை. உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகள். ரோமத்தை உருட்டி வைத்து அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி உருவம் பிடிக்கும், நூலே வேண்டாம் என்று செய்முறை வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி சொன்னாள். நூலில்லாமல் என்ன வேலை என்று நான் நம்பவில்லை. தையல் ஊசியைப் போலச் சாய்த்துக் குத்தினேன், முதல் ஊசி முறிந்தது. இரண்டாவது ஊசி என் கட்டைவிரலுக்குள் போனது. நேராகக் குத்தி நேராக எடுக்கக் கைக்குப் பழக்கமாக ஒரு வாரம் ஆயிற்று.

பக்கத்துப் புடவைக் கடை முஸ்லிம் அண்ணன், தெருவில் எல்லாருக்கும் அவர் நானா, தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டெய்லர், எலியா செய்றீங்க?"

"நாய்."

"வாலப் பாத்தா எலிதான்."

வாலைப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி செய்தேன். அவரிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அளவுக்கு நான் நாடியது என் அளவுப் புத்தகத்தை. வாடிக்கைக்காரர்கள் எல்லாருடைய அளவும் அதில் இருக்கிறது. பேத்திக்கும் ஒரு பக்கம் உண்டு. மூன்றரை வயதில் அம்மன் கோயில் தேருக்கு வந்திருந்தபோது பாவாடை சட்டை தைப்பதற்காக எடுத்தது. கை நீளத்தில் பாதி, அதோடு உள்ளங்கையும் விரலும் சேர்த்தால் பொம்மையின் உயரம். நாய் அதன் முழங்கால் அளவு நிற்க வேண்டும். கணக்குப் போட்டு, மடிந்த காது வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முடிந்ததும் வாசலில் கிடந்த நாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது மோந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. புடவைக் கடை நானாவே நாய்தான் என்று ஒத்துக்கொண்டார்.

திரும்பிப் போகிறவரிடமே கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி பொம்மையை மேசையில் நிறுத்தி நாயைக் காலடியில் வைத்திருந்தாள். நாய் பொம்மையின் முழங்காலை எட்டவே இல்லை. நானா சொன்ன எலிதான் அது.

"குட்டி நாய் தாத்தா," என்றாள் பேத்தி. என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எட்டு வயதில் இவளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

"கொஞ்சம் சின்னதா போயிருச்சுப்பா, பரவால்ல," என்றாள் மகள். "எந்த அளவுக்குச் செஞ்சீங்க?"

"பாப்பாவோட அளவுக்குத்தான். புத்தகத்துல இருக்கே."

"அது எப்ப எடுத்த அளவுப்பா?" என்றாள் மகள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்குப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து, "பழைய அளவுக்கே தைங்க டெய்லர்" என்று சொல்கிற அம்மாக்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன். பிள்ளை என்ன அப்படியேவா நிற்குது, கூட்டிட்டு வாங்க என்று துணியைத் திருப்பிக் கொடுத்தவன் நான். ஆனால் போன் திரையில் என் பேத்தி எந்த வருடமும் என் உள்ளங்கை அளவுதான் இருந்தாள். ஒவ்வொரு வருடமும் தேருக்கு வருகிறோம் என்பார்கள். ஒரு வருடம் லீவு கிடைக்காது, ஒரு வருடம் டிக்கட் கிடைக்காது. நானும் பரவாயில்லை என்றே சொல்லிப் பழகியிருந்தேன். உண்மையில் ஒரு நாளும் பரவாயில்லை என்று இருந்ததில்லை.

"டேப் இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"பாப்பாவை நிறுத்தி அளவெடு. வேற நாய் செய்யணும்."

பொம்மையை அளந்தாலே போதும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் டேப்பை எடுத்து வந்தாள். நான் புத்தகத்தில் பழைய பக்கத்துக்கு எதிரே புதுப் பக்கம் திறந்தேன்.

"உயரம் அம்பது அங்குலம்ப்பா."

பழைய பக்கத்தில் முப்பத்தெட்டு என்று இருந்தது. ஒரு முழு அடி. என் கண் படாமல் என் பேத்தி ஓரடி வளர்ந்திருக்கிறாள். முப்பத்தெட்டுக்கு எதிரே ஐம்பது என்று எழுதினேன்.

"தோள் சொல்லு."

சொன்னாள். நெஞ்சு, இடுப்பு, கை நீளம், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன்.

"கழுத்து."

"பொம்மையோட நாய்க்கு இவ கழுத்தளவு எதுக்குப்பா?"

"நீ சொல்லும்மா."

அதற்குப் பிறகு அவள் எதையும் ஏன் என்று கேட்கவில்லை. கழுத்தில் டேப்பைச் சுற்றியபோது பேத்தி கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தாள். அம்மா அவளைப் பிடித்து நிறுத்தி எண்ணைச் சொன்னாள். தலைச்சுற்றளவு கேட்டேன். முதுகு கேட்டேன். அதோடு நான் தொழிலில் கற்ற அளவெல்லாம் தீர்ந்து போனது.

"இன்னும் என்னப்பா எடுக்கணும்?" என்றாள் மகள். டேப்பை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

"பாதம்," என்றேன். நாற்பது வருடத்தில் நான் யாருடைய பாதத்தையும் அளந்ததில்லை.