கூடுதலாக இருந்த சாமான்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அன்று இருந்தவர்கள்: அக்காவின் கணவர் மச்சான், கிட்டாரோடு. அக்கா, அரிசி புடைத்துக்கொண்டு. நான், குறட்டோடு. நடுவில் ஒரு லொறி பேட்டரி.

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல் ஒன்றை மச்சானின் தம்பி குவைத்திலிருந்து அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழாவில் அதை மிதித்து வாசிக்கப்போவதாக மச்சான் மூன்று மாதமாகத் தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. பெடலுக்குள் வைக்கும் சதுர பேட்டரி தீர்ந்துவிட்டது. ஹட்டன் டவுன் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை.

லயத்தில் கரண்ட் கிடையாது. ரேடியோவையே லொறி பேட்டரியில்தான் கேட்போம். ஃபேக்டரியில் அந்த பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது என் வேலை. அதனால் என்னை மெக்கானிக் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

பெடலுக்கு ஒன்பது வோல்ட். லொறி பேட்டரி பன்னிரண்டு. அறைக்கு இரண்டு வோல்ட்டாக ஆறு அறையில் நான்கை மட்டும் எண்ணி, அங்கே ஈயப் பட்டையில் ஆணி அடித்து, எட்டு வோல்ட் எடுத்தேன். என் ரேடியோ ஒயரையே செருகினேன்.

“கூடிப்போகாதுல்ல மச்சான்?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“எண்ணித்தான் குடுத்திருக்கேன். பயப்படாதீங்க.”

ஒயர் சுட்டது. கருகல் வாசம் வந்தது. பிடுங்கினேன். பெடலில் உயிரில்லை.

“மூணு மாசமா தோட்டமெல்லாம் சொன்னதுக்கு நல்லாத்தான் பொகையுது,” என்றாள் அக்கா.

“ஞாயித்துக்கெழம நான் வெளிய தல காட்ட முடியாது,” என்றார் மச்சான்.

பெடலின் அடியில் சின்னதாக ஒரு படம் இருந்தது. என் ரேடியோ ஒயரின் முனையில் நடுவில் பிளஸ். இதற்கு நடுவில் மைனஸ். வோல்ட்டை எண்ணினேன். படத்தைப் பார்க்கவில்லை.

மூடியைக் கழற்றினேன். கரண்ட் நுழையும் இடத்தில் மிளகளவு டயோடு ஒன்று வெடித்திருந்தது. கரண்ட் தலைகீழாக வந்தால் தன்மேல் வாங்கிக்கொள்ளத்தான் அதை வைத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டது. குறட்டால் வெட்டி எடுத்தேன். ஒயரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி முறுக்கினேன். பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“என்னா கோளாறு மச்சான்?”

“ஒரு சாமான் கூடுதலா இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அரிசியைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் நன்றாகவே வாசித்தார். அதோடு விடவில்லை. “வெளிநாட்டுக்காரன் தேவையில்லாம வச்ச சாமான எங்க மச்சான் கண்டுபுடிச்சு எடுத்துட்டாரு,” என்று மைக்கில் சொன்னார்.

மறுநாள் ஒருவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“நம்மளதுலயும் அந்தச் சாமான எடுத்துவிடுங்க தம்பி. சத்தம் கூடுமாமே.”

உண்மையைச் சொல்வதென்றால் நான் தலைகீழாகக் கொடுத்த ஒயரிலிருந்து தொடங்க வேண்டும். திறந்து, தூசி தட்டி, மூடிக் கொடுத்தேன். சத்தம் கூடியிருப்பதாகச் சொல்லிப்போனார். மற்றவர்களும் வந்தார்கள்.

அந்த வாரம் தூசி தட்டிக் கொடுத்த ரேடியோ ஐந்து.