ஆதிலட்சுமி பெயரில் கொடுத்த ரத்தம்

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த வேதாசலத்தின் மனைவி சொக்கம்மாள், இளைய மகள் அம்முலுவுக்கு எட்டு வயதில் சர்க்கரை வியாதி வந்தபோது ஊசி போடக் கற்றுக்கொண்டாள். பட்டணத்தில் நர்ஸ் ஒரு சாத்துக்குடியைக் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னாள். ஊருக்கு வந்தபின் கத்தரிக்காயில் குத்திப் பழகினாள். குத்திய காய்களைக் குழம்பில் போட மனம் வராமல் மாட்டுக்கு வைத்தாள். கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுப்பதும், இன்சுலின் புட்டியை ஈரமணலில் புதைத்த பானைக்குள் வைப்பதும், மகளின் சிறுநீரில் நீல மருந்தைச் சேர்த்துக் காய்ச்சி நிறம் பார்ப்பதும் சீக்கிரமே கைவந்தன. நீலம் மாறாமல் நின்றால் நல்லது. செங்கல் நிறத்துக்குப் போனால் உடம்பில் சர்க்கரை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

இதற்காக அவளைப் பாராட்டலாம். ஆனால் இதையெல்லாம் அவள் ஒளித்துச் செய்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர்களிடம் அம்முலுவுக்கு ரத்தம் பற்றவில்லை, சத்து ஊசி போடுகிறோம் என்றாள். மூத்தவள் ஆதிலட்சுமிக்குப் பதினேழு வயது. கூரத்திலிருந்து பெண் கேட்டு வந்து பேச்சு முடிகிற நிலையில் இருந்தது. தங்கைக்கு வந்த வியாதி அக்காவின் கல்யாணத்தை நிறுத்தும் என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதே வீட்டின் பின்கட்டில் குடியிருந்த ஓரகத்தி முனியம்மாளுக்குக்கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை. புருஷனை இழந்த முனியம்மாளுக்குப் பாஞ்சாலி ஒரே பெண்; ஆதியைவிட ஒரு வயது சின்னவள்.

இன்சுலினை விலை கொடுத்து வாங்குகிற வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை. பட்டணத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதை இலவசமாகக் கொடுத்தது. குழந்தைகளுக்குச் சர்க்கரை வியாதி ஏன் வருகிறது என்று அங்கே ஆராய்ந்தார்கள். மாதம் ஒருமுறை அம்முலுவை அழைத்துப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு மருந்து வாங்கி வர வேண்டும். எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் போனபோது, ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா, கூடப் பிறந்தவர்களையும் பார்க்கப் போகிறோம் என்றார்.

"அடுத்த தடவை பெரியவளையும் கூட்டிட்டு வாங்க. வெறும் வயித்தோட வரணும். ரத்தம் எடுத்துட்டு, குளுக்கோஸ் தண்ணி குடுத்து, மறுபடி எடுத்துப் பாப்போம்."

"அவளுக்கு ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா. கல்லு மாரி கீறா."

"இல்லைன்னு தெரிஞ்சா நல்லதுதானே?"

மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த ஆள் வேறு மாதிரி சொன்னான். "இட்டாந்துடும்மா. இட்டாராதவங்க பேரெல்லாம் எடுத்துடப் போறாங்கோன்னு பேசிக்கிறாங்க." டாக்டரம்மா அப்படிச் சொன்னதே இல்லை. தன் பெயரால் அப்படிப் பேசப்படுவது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதாகவும் தெரியவில்லை.

ஆதியை அழைத்துப் போவதில் சொக்கம்மாளுக்கு இருந்த பயம் ஊராரின் கண்ணைப் பற்றியது மட்டும் அல்ல. பரிசோதனையில் ஏதாவது இருந்துவிட்டால் அவளுக்கே அது தெரிந்துவிடும். தெரிந்தபின் கூரத்துக்காரர்களிடம் சொல்லாமல் இருந்தால் அது ஏமாற்று. தெரியாதவரை அவள் யாரையும் ஏமாற்றவில்லை. அறியாமை ஒரு குறை என்றுதான் நாம் பழக்கத்தில் சொல்கிறோம். அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒருத்தி எவ்வளவு தூரம் போவாள் என்பதை நாம் யோசிப்பதில்லை.

சொக்கம்மாள் பாஞ்சாலியை அழைத்துக்கொண்டு போனாள். அம்முலுவைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, துணைக்கு வேண்டும் என்று முனியம்மாளிடம் சொன்னாள். பாஞ்சாலியிடம் பீச் காட்டுவதாகச் சொன்னாள். பஸ்ஸில் மற்றதைச் சொன்னாள்.

"உன் பேரு கேட்டா ஆதிலட்சுமின்னு சொல்லணும். கூடப் பொறந்தவங்கள மட்டுந்தான் உள்ள வுடுவாங்க. கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க, எறும்பு கடிச்சாப்புல இருக்கும். உங்கம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவா."

"பேரு மட்டும் போதுமா பெரிம்மா? அக்கா மாரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு உக்காரணுமா?"

அம்முலு அதைக் கேட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். பாஞ்சாலி ரத்தம் கொடுத்தாள், குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்தாள், பிறகு பீச்சில் அலைக்குப் பயந்து பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் டாக்டரம்மா சொக்கம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க பெரிய பொண்ணுக்கும் ஆரம்பம் தெரியுது. ஊசி தேவைப்படற அளவுக்கு இன்னும் வரலை. ஆனா வரலாம். தண்ணி நிறையக் குடிச்சாலோ, மெலிஞ்சு போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, உடனே கூட்டிட்டு வரணும்."

பிறகு பக்கத்தில் நின்ற இளம் டாக்டரிடம், ஒரே தாய் வயிற்றில் இரண்டு பேர் என்று குரலில் உற்சாகத்தோடு சொன்னார்.

சொக்கம்மாளுக்கு முதலில் வந்தது நிம்மதி. தன் மகளுக்கு இல்லை என்கிற நிம்மதி. ஆதியின் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை என்பதும், அவளைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை என்பதும் செங்கல்பட்டில் பஸ் மாறும்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகுதான் பாஞ்சாலியின் நினைவு வந்தது. அந்த வரிசையை நான் அவளுக்குச் சாதகமாக மாற்றிச் சொல்ல முடியாது.

முனியம்மாளிடம் சொன்னால் பொய் வெளிப்படும். அம்முலுவின் வியாதி வெளிப்படும். ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிந்தால் மருந்து நிற்கும். தை மாதம் ஆதியின் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று அவள் தீர்மானித்தாள். அதுவரை பாஞ்சாலியின் சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ள முயன்றாள்.

"அவளுக்கு வெல்லம் குடுக்காத முனியம்மா. கம்பு, கேவுரு குடு."

"இன்னாக்கா, எம் பொண்ணு ரெண்டு உண்டை வெல்லம் துன்றது உன் கண்ணை உறுத்துதா? உம் பொண்ணு கல்யாணத்துக்கு மிச்சம் புடிக்கிறியா?"

மார்கழியில் பாஞ்சாலி மெலிந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். ஒருநாள் சொக்கம்மாள் அவளிடம் சிறுநீரை வாங்கி நீல மருந்தோடு காய்ச்சினாள். செங்கல் நிறத்துக்கு வந்தது. அதைக் கீழே கொட்டிவிட்டுக் கண்ணாடிக் குழாயைக் கழுவி வைத்தாள். உடனே அழைத்துப் போனால் அங்கே ஊசி போடச் சொல்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஊசி என்றால் கூரத்துக்காரர்கள் விசாரிப்பார்கள். பானைக்குள் இருந்த புட்டி அம்முலுவுக்கு மட்டுமே போதும். தை பிறக்க அதிக நாள் இல்லை.

கல்யாணம் நடந்தது. பாஞ்சாலி நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு தாம்பூலப் பை கொடுத்தாள். ஆதி கூரத்துக்குப் போன மறுநாள், பின்கட்டில் கல்யாண அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த முனியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, சொக்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை எதையும் விடவில்லை.

முனியம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பாஞ்சாலி, இங்க வா" என்றாள். "பட்டணத்துல உன் பேரு இன்னான்னு சொன்ன?"

"அக்கா பேரு. பெரிம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

முனியம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "கழிப்பு கழிக்கறவன் இன்னா பண்ணுவான்? நோவுக்காரன் பேரச் சொல்லிச் சுத்தி முச்சந்தியில போட்டுட்டு வருவான். மிதிச்சவன் மேல ஏறிக்கும். நீ முச்சந்திக்குப் போவல. உம் பொண்ணு பேரச் சொல்லி எம் பொண்ண நிக்க வச்சிட்டு வந்துக்கீற."

"அப்பிடியெல்லாம் வராதுடி. இது ரத்தத்துல கீறது."

"எந்த ரத்தத்துல? ஆதி ரத்தத்தப் பாத்தியா? பாக்கல. பாக்காம அவளுக்கு இல்லன்னு எப்பிடி சொல்ற? அவளுக்கு வர இருந்தது இங்க வந்துடுச்சி, அதான்."

"நீ என்ன எப்பிடி வேணா திட்டு. ஊசியப் போட்டா பொழச்சிக்குவா. நானே போடறேன்."

"நீ இட்டுக்கினு போயி குத்த வச்ச ஊசி போதும் தாயே. இனிமே எம் பொண்ணக் கிட்ட வந்து தொட்டுடாத."

முனியம்மாள் அறியாமையில் பேசினாள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவளுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், நன்றாக இருந்த பெண்ணை ஒருத்தி பொய் சொல்லி அழைத்துப் போனாள், இன்னொரு பெண்ணின் பெயரைச் சூட்டி உடம்பில் ஊசி குத்த வைத்தாள், அதன்பின் அந்தப் பெண் இளைத்துப் போனாள். இதிலிருந்து அவள் எடுத்த முடிவில் தர்க்கப் பிழை என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. பொய் சொன்ன அதே வாய்தான் உண்மையையும் சொன்னது.

அன்றே முனியம்மாள் பின்கட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு தென்னேரியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சொக்கம்மாள் இன்சுலின் புட்டியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். அம்முலுவுக்கு அப்போது இருந்த ஒரே புட்டி அது. வீட்டுக்குள் அவளை விடவில்லை. உள்ளே பூசாரியின் உடுக்கைச் சத்தம் கேட்டது. பாஞ்சாலி தண்ணீர் கேட்பதும் கேட்டது. வேதாசலம் இரண்டு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிப் பார்த்தான். முனியம்மாளின் அண்ணன் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மாசி மாதம் பாஞ்சாலி செத்துப்போனாள். சாவுக்குப் போன சொக்கம்மாளைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

சித்திரையில், ஆதிலட்சுமி முழுகாமல் இருப்பதாகக் கூரத்திலிருந்து சேதி வந்த அதே வாரம், சொக்கம்மாள் அம்முலுவை அழைத்துக்கொண்டு மருந்துக்குப் போனாள். டாக்டரம்மா அம்முலுவைப் பார்த்து முடித்ததும் கேட்டார்.

"பெரிய பொண்ண ஏன் கூட்டிட்டு வரவே இல்ல? எப்பிடி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்றால் அடுத்த முறை அழைத்து வரச் சொல்வார்கள். வரும் ஆதியின் முகம் வேறாக இருக்கும்.

"செத்துட்டா" என்றாள் சொக்கம்மாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "எப்போ?"

"மாசியில. எளச்சிப் போயி, தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே..."

"ஊசி போடலையா? வீட்லயே மருந்து இருந்ததே! யார் போட வேணாம்னது?"

"அவங்க அம்மா."

"அவங்க அம்மாவா? அம்மா நீங்கதானே?"

சொக்கம்மாள் அம்முலுவைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க. நான்தான்."

டாக்டரம்மா எழுந்துவிட்டார். அவ்வளவு சொல்லியும் பெற்ற பெண்ணை இப்படி விட்டுவிட்டாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்று வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி திட்டினார். திட்டி முடித்தபின் டாக்டரம்மா உட்கார்ந்து, அம்முலுவுக்கு மருந்து எழுதிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேற பசங்க யாராவது இருக்காங்களா, பார்க்க வேண்டியவங்க?"

"இல்லைங்க. இவ ஒருத்திதான்."

பஸ்ஸில் அம்முலு வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பி, "அக்கா கூரத்துல நல்லாத்தானே கீது? ஏம்மா செத்துட்டான்னு சொன்ன?" என்றாள்.

"வாய மூடிக்கினு வா" என்றாள் சொக்கம்மாள்.