சனிக்கிழமை விரதம் இருந்த சிங்கங்கள்

அந்த ஆண் சிங்கம் கத்தினால் எங்கள் வீட்டுக் குடத்தில் இருக்கிற தண்ணீர் நடுங்கும். பொய்யில்லை, நானே குனிந்து பார்த்திருக்கிறேன்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டில், எங்கள் வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டி ஒரு தரிசு கிடந்தது. அங்கேதான் அந்த சர்க்கஸ்காரர்கள் கூடாரம் போட்டார்கள். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. புரட்டாசி மாசம். வேலிக்கு அந்தப் பக்கம் கூண்டு வண்டிகள், இந்தப் பக்கம் எங்கள் கிணறு. மிருகங்களுக்குத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்து கொடுப்பதாக அண்ணன் ஒத்துக்கொண்டார். இறைத்துக் கொண்டுபோய் ஊற்றுகிற வேலை எனக்கும் அண்ணிக்கும் வந்து சேர்ந்தது.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தத் துக்கத்தில் எனக்குப் பால் நின்றுபோனது. அண்ணிக்கும் அப்போது கைப்பிள்ளை. ஒன்றும் சொல்லாமல் என் மடியிலிருந்த பெண்ணை வாங்கி, ஒரு பக்கம் தன் மகன், ஒரு பக்கம் என் மகள் என்று போட்டுக்கொண்டார். கை கொடுத்ததே தவிர வாய் சும்மா இருக்காது. "ஆத்தாளும் பொண்ணும் என்ன உறிஞ்சத்தான் வந்தீங்களாடி" என்று கிணற்றடியில் நாலு பேர் இருக்கும்போது கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அப்போதெல்லாம் பேச்சே வராது. நெஞ்சுவரை வரும், வாய்க்கு வராது.

சர்க்கஸ் வந்தபோது என் மகளுக்கு மூன்று வயசு. எனக்கு மறுபடி ஒரு இடம் பார்த்திருந்தார் அண்ணன். எங்களில் புருஷன் இல்லாத பெண்ணுக்குத் தாலி கட்டுவது உண்டு. பந்தல், மேளம் எதுவும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே நாலு பெரியவர்கள் முன்னால் கட்டிவிடுவார்கள். நடுவீட்டுத் தாலி என்று பேர். தளவானூர்ப் பக்கத்து ஆள். பெண்டாட்டி செத்துப்போய் இரண்டு பையன்கள். நிலம் உண்டு, கிணறு உண்டு. ஒரே ஒரு சொல்தான் அவர் சொல்லி அனுப்பினார். பெண் மட்டும் வரட்டும், குழந்தை வேண்டாம்.

அண்ணன் சரி என்றுவிட்டார். "பாப்பா இங்கயே வளரட்டும், நாங்க இல்லையா? உன் வயசுக்கு நீ எத்தன நாளு இப்படியே இருப்ப?" என்று என்னிடம் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. நான் தொலைந்தால் போதும் என்று இருக்கிறார் போல என்று நினைத்தேன்.

சிங்கக் கூண்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போதெல்லாம் இதே நினைப்புதான். நீளமான ஒரே கூண்டு. நடுவில் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆண் சிங்கம். இன்னொரு பக்கம் இரண்டு பெண் சிங்கங்களும் மூன்று குட்டிகளும். பூனை அளவுக்குத்தான் இருக்கும் குட்டிகள். ஒரு சிங்கம் போட்ட குட்டிகள்தான் மூன்றும். இன்னொன்று போட்டது பிறந்தபோதே செத்துவிட்டதாம். ஆனால் இரண்டு சிங்கமும் பால் கொடுத்தன. குட்டிகள் எந்த மடி கிடைக்கிறதோ அதில் முட்டும்.

கூண்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் வயசானவர். பல ஊர் சுற்றிய தமிழ் அவருடையது. நாங்கள் தண்ணீர் ஊற்றும்போது தானாகப் பேசிக்கொண்டிருப்பார்.

"இவன் கத்துறான் பாத்தீங்களா, அதான் இவன் வேலை. இது என் எடம், எவனும் வராதேன்னு சொல்றது. காட்டுல வேட்டைக்குப் பெரும்பாலும் பொம்பளைங்கதான் போவும். அக்கா தங்கச்சி, ஆத்தா பொண்ணுன்னு சேந்தே இருக்கும், சேந்தே சுத்தி வளைக்கும். அடிச்சுப் போட்டதும் இவன் வந்து மொதல்ல உக்காருவான்."

"எங்கூட்டு ஆம்பளைங்க மாதிரியே" என்றார் அண்ணி.

கிழவர் சிரித்தார். "அப்படியும் சொல்லிட முடியாதும்மா. இவன் காவல் இல்லன்னா வெளிய இருந்து வேற ஆம்பளை வருவான். அது பெரிய ஆபத்து."

"வந்தா இன்னா பண்ணுவான்?" இதைக் கேட்டது நான். கேட்டுவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். குட்டிகளின் தகப்பன் போன ஊரிலேயே செத்துப்போனதாம். இந்த ஆண் புதுசு. வேறு கம்பெனியிலிருந்து வாங்கி வந்தது. "புதுசா வர்றவன் பழையவனோட குட்டிய விட்டுவைக்க மாட்டான். குட்டி இருந்தா தாய் இவன் கிட்ட வராதுல்ல. அதான் பலகை."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு முட்டுகிறது என்று அவள் திமிறினாள்.

சர்க்கஸ்காரர்கள் தப்பான மாசத்தில் வந்துவிட்டார்கள். புரட்டாசியில் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை என்றால் கறிக்கடையே திறக்க மாட்டார்கள். சிங்கவரம் பெருமாளைப் பார்க்க ஜனம் ரோடு கொள்ளாமல் போகும், வரும். கூடாரத்துக்குள் மட்டும் யாரும் நுழையவில்லை. முதலாளிக்குக் கவலை. கறியும் கிடைக்காது, கூட்டமும் இல்லை. அவர் ஒரு யோசனை செய்தார். சனிக்கிழமை காலையிலேயே ஒலிபெருக்கி கத்த ஆரம்பித்தது.

"பக்த கோடிகளே! பெருமாளுக்காக இன்று எங்கள் சிங்கங்களும் விரதம்! விரதமிருக்கும் சிங்க ராசாவைக் குடும்பத்தோடு ஒரே கூண்டில் தரிசிக்க வாருங்கள்!"

எங்கள் ஜனம் இருக்கிறதே, அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மலையிலிருந்து நாமமும் துளசியுமாக இறங்கி வந்தவர்கள் நேரே கூண்டுக்குப் போனார்கள். ஒரு அம்மா கம்பிக்கு முன்னால் சூடமே கொளுத்திவிட்டாள். விரதம் இருக்கிற மிருகம் யாரை என்ன செய்யும் என்று பெரியவர்களே பேசிக்கொண்டார்கள். அண்ணனும் அதைத்தான் சொன்னார்.

அதே சனிக்கிழமைதான் தளவானூர்க்காரரும் வந்தார். பெருமாளைச் சேவித்துவிட்டு அப்படியே எங்கள் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அண்ணி கூடத்தில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்திருந்தார். அந்தத் தட்டை மாப்பிள்ளை கையில் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. பிறகு யாராலும் மாற்ற முடியாது.

வந்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெளுத்த சட்டை, வேஷ்டி. என் மகள் அவர் முன்னால் போய் நின்று பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில் தாழட்டும், அதுக்குள்ள அந்த சிங்கத்த ஒரு பார்வ பாத்துட்டு வந்துருவோமே மச்சான்" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனும் அவரும் வேலியோரம் போனார்கள். சாயங்காலத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம். நானும் அண்ணியும் குடத்தோடு போனோம். குழந்தைகள் இரண்டும் அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தன.

கூண்டுக் கிழவர் முதலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "பட்டினியா கெடக்குது முதலாளி. இன்னிக்கு வேணாம். கறி போட்டு, ரெண்டு நாள் பாத்து எடுக்கலாம்."

"ஜனம் நிக்குதுய்யா. பலகைய எடு."

"குட்டி இருக்குது..."

"அதான் குடும்பம். எடுய்யா!"

பலகையை மேலே இழுத்தார்கள். கூட்டம் கோவிந்தா போட்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஆண் சிங்கம் படுத்தபடியே மூக்கை மட்டும் தூக்கியது. பெண் சிங்கங்கள் இரண்டும் எழுந்து நின்றன. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதாகக்கூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் நகர்ந்து குட்டிகளுக்கு முன்னால் பக்கத்துக்குப் பக்கமாக நின்றன. சத்தமே இல்லை.  என் இடுப்பில் குடம், கால் நகரவில்லை.

விவரம் தெரியாத குட்டி ஒன்று அவற்றின் காலுக்கு நடுவே புகுந்து, அந்தப் பக்கம் என்ன என்று பார்க்கப் போனது.

ஆண் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. அதன் வாயில் குட்டி இருந்ததைத்தான் பார்த்தேன். அடுத்த நொடி இரண்டு பெண்ணும் அதன்மேல் விழுந்தன. பெற்றது எது, பெறாதது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று முகத்தில் அறைந்தது, ஒன்று முதுகில் ஏறியது. வண்டியே ஆடியது. கோவிந்தா போட்ட கூட்டம் பிள்ளை குட்டியை மிதித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது.

"தண்ணி! மூஞ்சில அடி, தண்ணி!" என்று கிழவர் கத்தினார்.

யாரிடம் சொன்னாரோ தெரியாது. கம்பிக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றது நான்தான். மொத்தத் தண்ணீரையும் ஆண் சிங்கத்தின் முகத்தில் வீசினேன். பின்னாலேயே அண்ணி தன் குடத்தையும் வீசினார். அது குட்டியைக் கீழே போட்டுவிட்டு, தலையை உதறிக்கொண்டு தன் பக்கத்து மூலைக்கு ஒதுங்கியது. அந்த இடைவெளியில் பலகையை இறக்கிவிட்டார்கள்.

கீழே விழுந்த குட்டி பெண் சிங்கங்களின் பக்கம்தான் கிடந்தது. ஒரு சிங்கம் அதை நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி எழுந்திருக்கவில்லை. இன்னொன்று மீதி இரண்டையும் வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

எங்கள் முழுப் புடவையும் நனைந்திருந்தது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. தளவானூர்க்காரர்தான் முதலில் பேசினார். கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, பயம் தெளிவதற்காகச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"அதுவும் இன்னா பண்ணும் மச்சான். அதோட குட்டியா இன்னா?"

அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்தோம். தளவானூர்க்காரர் கூடத்தில் உட்கார்ந்தார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஈரப் புடவையோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். மகள் என் காலைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறாள்.  தட்டு கை மாறினால் முடிந்தது. நெஞ்சுவரை வந்தது வாய்க்கு வரவே மாட்டேன் என்கிறது. கடைசியில் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு நடுவில் போய் நின்றேன். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு நான் அப்படிப் போனதே கிடையாது.

"பாப்பாவ உட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அண்ணன் எழுந்துவிட்டார். "இன்னா பேசற நீ? உள்ள போ!"

நான் போகவில்லை. மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது அண்ணி வந்து, கையில் தட்டோடு, என் தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நின்றார்.

"ஏன் அவள உள்ள போகச் சொல்ற? நான் பால் குடுத்த புள்ள அது. வர்றவருக்கு வேணும்னா ரெண்டு பேரையும் கூட்டிம்போவட்டும். இல்லன்னா ரெண்டும் இங்க இருக்குது. அந்த பாரத்த நீ ஒண்ணும் உன் மடியில கட்டிக்க வேணாம்."

"நீ சும்மா இருடி."

"சும்மாதான் இருந்தன், இம்மாங்காலம்" என்று சொல்லிவிட்டு, தட்டை அப்படியே உள்ளே கொண்டுபோய் அடுக்குப் பானைமேல் வைத்துவிட்டார்.

தளவானூர்க்காரர் கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருட்டறதுக்குள்ள பஸ்ஸப் புடிக்கணும் மச்சான்" என்று கிளம்பிவிட்டார்.

அண்ணன் பல நாள் எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். என்ன செய்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கொல்லையில் கடலை பிடுங்க ஆள் கிடைக்காமல், ஒரு நாள் பொதுவாகக் காற்றைப் பார்த்து, "மல்லாட்ட புடுங்க யாராச்சும் வரீங்களா, நரிக்கு உட்டுடறதா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

அதற்கு முன்னாலேயே சர்க்கஸ் கிளம்பிவிட்டது. விடிந்ததும் கூண்டு வண்டிகள் எங்கள் வேலியை உரசிக்கொண்டு போயின. ஆண் சிங்கத்தை வேறு வண்டியில் ஏற்றியிருந்தார்கள். நீளக் கூண்டில் இரண்டு பெண் சிங்கங்களும் முதுகோடு முதுகு சாய்ந்து படுத்திருந்தன. ஆளுக்கொரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

"அங்க இன்னாடி வேடிக்க? உன் பொண்ணு என் புள்ளையக் கடிச்சு வச்சிருக்குது. வந்து என்னான்னு கேளு."