சந்தனம் பட்ட கன்சோல்

மகள் வரும் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் மாலையில் கேம் கன்சோலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவேன். அப்டேட் ஏதாவது பாக்கி இருந்தால் அது இறங்கி முடிய ஒரு மணி நேரம் ஆகும். அவள் என் வீட்டில் இருப்பதே ஏழு மணி நேரம்.

அந்த வெள்ளிக்கிழமை பொத்தானை அழுத்தியதும் ஒரு பீப் ஒலி வந்தது. நீல விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. வேறு பிளக்கில் மாட்டினேன். வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் செருகினேன். எட்டாவது முறை பீப் ஒலிகூட வரவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழின் நிருபர். கோர்ட் செய்திகள் என் பொறுப்பு. என் விவாகரத்து வழக்கும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை, இடைக்கால உத்தரவு மட்டும் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மகள் என்னுடன் இருக்கலாம். மற்ற நாட்களில் ராஜபாளையத்தில் அம்மாவுடன் இருக்கிறாள். அங்கே பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் அம்மா ஏற்றிவிடுவாள், இங்கே பஸ் ஸ்டாண்டில் நான் இறக்கிக்கொள்வேன். மகளுக்கு வயது பதினான்கு. உத்தரவைக் காட்டி அந்த வயதுப் பெண்ணை பஸ் ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும்.

முதல் சில மாதங்கள் அவள் வந்து, சாப்பிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகுதான் கன்சோல் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் தவறவிடவில்லை. நானும் விளையாடக் கற்றுக்கொண்டேன். கார்ப் பந்தயத்தில் என் கார் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, "ஏம்ப்பா, ரிவர்ஸ் எடுங்கப்பா, அங்கனயே குடியிருக்கப் போறீங்களா?" என்பாள். எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது பெரும்பாலும் அதுதான்.

வாங்கிய அன்று கடையில் மொபைல் நம்பர் கேட்டார்கள். பத்து இலக்கங்களைச் சொன்னேன். பில் அடித்து முடித்த பிறகே அது என் மனைவியின் நம்பர் என்பது உறைத்தது. கேஸ், கரண்ட் பில், மளிகைக் கடை என்று எல்லாவற்றுக்கும் வருடக்கணக்கில் அந்த நம்பரைத்தான் சொல்லிவந்தேன். என் போன் செய்திக்கான போன், அதில் வேறு எதுவும் வரக் கூடாது என்று நானே வைத்திருந்த ஏற்பாடு அது. மாற்றித் தாருங்கள் என்று கேட்க அந்த நேரத்தில் கூச்சமாக இருந்தது. வாரண்டிச் செய்தி அவளுக்குப் போயிருக்கும். அவள் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

சனிக்கிழமை மகள் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கன்சோலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்பக்கம், காற்று போகும் துளைகளின் மேல், மஞ்சளாகக் காய்ந்து வழிந்த தடம் இருந்தது.

"அப்பா, என்னப்பா இது?"

"சந்தனம். ஆயுத பூஜைக்கு வச்சேன்."

"வச்சீங்களா, ஊத்துனீங்களா? அம்மா மேல ஒரு பொட்டுதான் வைப்பாங்க. நீங்க அபிஷேகமே பண்ணிருக்கீங்க."

அந்த வேலையை நான் செய்தது அதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருந்தவரை ஆயுத பூஜை அன்று மிக்ஸி, டிவி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது மனைவி. எதில் எங்கே வைக்க வேண்டும் என்பதை நான் கவனித்ததில்லை. இந்த வருடம் தனியாக இருந்தேன். கேமரா, லேப்டாப், பைக், கன்சோல் என்று நான்கையும் வரிசையாக வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. கன்சோலின் முன்பக்கம் பளபளப்பாக இருந்ததால் பின்பக்கமாக வைத்தேன்.

மகள் சற்று நேரம் சிரித்தாள். அதன் பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்றாள். பஸ் ஸ்டாண்டில் படியில் ஏறி நின்றுகொண்டு, "சரியானதும் சொல்லுங்கப்பா, வாரேன்" என்றாள். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது அந்த ஒரு வரியையே பலமுறை யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாகவில்லை என்றால் வரமாட்டாள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

வாரண்டி முடிய ஐந்து வாரம் இருந்தது. கம்பெனியின் உதவி எண்ணில், பதிவான மொபைலுக்கு ஓடிபி அனுப்புகிறோம், அதைச் சொன்னால்தான் புகாரை ஏற்போம் என்றார்கள். திங்கட்கிழமை காலை மனைவியை அழைத்தேன். அவள் ஒரு மில்லின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். எதிர்முனையில் மெஷின் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க."

"உன் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். கேம் கன்சோல் ரிப்பேருக்கு."

"இருங்க."

மும்மூன்றாகப் பிரித்து ஆறு எண்களைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன்.

"வேற ஒண்ணுமில்லையே?"

"இல்ல."

ஐம்பத்திரண்டு விநாடி என்று போன் காட்டியது. நாங்கள் நேரடியாகப் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் 'ஏங்க' என்று தொடங்கியவள் இப்போது என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை.

பழுதான பொருட்களை வாங்கி மதுரைக்கு அனுப்பும் கவுண்டர் ராஜபாளையத்தில் ஒரு மொபைல் கடைக்குள் இருந்தது. மகளின் வீடு அடுத்த தெரு. முதல் நாள் இரவு பஞ்சை நனைத்து வெளியே தெரிந்த சந்தனத்தைத் துடைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்மணி, முப்பத்தைந்து வயதிருக்கும், டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"சார், ஓட்டைக்குள்ள மஞ்சளா என்னமோ இருக்கே?"

"சந்தனம்."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நாங்களும்தான் சார் பூச போடுதோம். கம்ப்யூட்டரு, பிரிண்டரு, கல்லாப்பெட்டி எல்லாத்துக்கும் வைப்போம். மூடி மேல வைப்போம் சார். மூக்குக்குள்ள யாராவது வைப்பாங்களா?"

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சாதனத்தில் திரவம் பட்டதா? ஆம், இல்லை.

"சந்தனம் திரவமா?" என்று கேட்டேன்.

"கரைச்சது எம்புட்டு தண்ணியில?"

"கொஞ்சம் கூடிருச்சு."

"அப்ப நீங்களே பாத்துக்கோங்க. 'ஆம்'னு போட்டா வாரண்டி கெடைக்கிறது கஷ்டம். நான் ஒண்ணும் பாக்கல."

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட பொய்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வருகிறேன். ஆனால் அந்த நிமிடம் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. மகள் பஸ் படியில் நின்றதுதான் நினைவுக்கு வந்தது. 'இல்லை' என்று டிக் செய்ய நினைத்தேன். கை 'ஆம்' என்பதில் டிக் செய்தது. நேர்மை என்று இதைச் சொல்ல மாட்டேன். வேலைப் பழக்கம்.

பெண்மணி உதட்டைப் பிதுக்கினார். பிறகு குறிப்பு எழுதும் இடத்தில், பூஜைக்கு வைத்த பொட்டு, வெளிப்பக்கம், சிறிதளவு என்று அவராகவே எழுதினார். "மதுரையில அவிய கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுவாங்க. நம்பிக்கையா போங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் மம்சாபுரம் சாலை பிரியும் விலக்கு வரும்வரை அந்த டிக்கை நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை, இன்னும் வரவில்லை என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. பத்து மணி பஸ்ஸுக்கு நான் போகவில்லை. மம்சாபுரத்தில் குடிதண்ணீருக்காக மறியல் என்று தகவல் வந்ததும் அங்கே போனேன். நாற்பது பேர் இருந்தார்கள், குடங்கள் அதைவிட அதிகம். பன்னிரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. இருவருக்குமாக வடித்திருந்த சோறு பானையில் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் பிளவக்கல் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். அதிகாரிகள் ஷட்டர் மேல் பூத் தூவிக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து போன் வந்தது. சந்தனம் உள்ளே இறங்கியிருக்கிறது, ஆனால் பழுதுக்குக் காரணம் அதுவல்ல, மின்சாரம் வாங்கும் பகுதியில் தயாரிப்புக் குறை என்றார்கள். வாரண்டியிலேயே மாற்றுக் கன்சோல் தருகிறோம், வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும், பதிவான நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

மனைவியை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அணைப் பகுதியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கரையில் ஏறி, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கூட வந்திருந்த போட்டோகிராபர், "என்ன அண்ணாச்சி, மலையைப் படம் எடுக்கீங்களா?" என்றார். ஆறாவது நிமிடம் அவளே அழைத்தாள். நான்கு எண்களைச் சொன்னாள், இணைப்பு அறுந்தது. மறுபடியும் அழைத்தேன்.

"நாலு வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஏழு. ரெண்டு."

மதுரைக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். உடனே போனை உள்ளே வைத்திருக்கலாம். முடிந்துவிட்டது என்று சொல்வதற்காக மீண்டும் அவளை அழைத்தேன்.

"சந்தனத்தைப் போயி ஓட்டையிலயா வச்சீங்க?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டாளா?"

"வர்றவுக போறவுககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா."

அவளும் சிரிப்பாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கீழே ஷட்டர் வழியாகத் தண்ணீர் பாயும் சத்தம் போனில் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அது திரும்பி வந்தா இங்கயே இருக்கட்டுமே. கடை அடுத்த தெருதான், நாங்களே வாங்கிக்கிடுதோம். அவளுக்கும் பரீட்ச வருது. அலைச்சல் மிச்சம்."

மகள் இங்கே வருவதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணத்தைத்தான் அவள் கேட்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரலில் தந்திரம் எதுவும் இல்லை. மில் அலுவலகத்தில் ஒரு வேலையைச் சுருக்குவதற்கு வழி சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"அவகிட்டக் கேட்டுச் சொல்லு" என்றேன்.

அன்று மாலையே மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'இங்கே இருக்கட்டும் என்கிறாள்.' அவ்வளவுதான். கன்சோலை வாங்கும்போது சொல்ல வேண்டிய கடைசி ஓடிபி நேராக அவர்கள் போனுக்கே போனதால் என்னை யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஒப்படைக்கப்பட்டது என்பதை நான் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டிவிக்குக் கீழே மிச்சமிருந்த வயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, கண்ட்ரோலர்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பையில் வைத்து, ராஜபாளையம் போகும் ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை நான் சமைக்கவில்லை. ஒன்பதரைக்கு மகள் அழைத்தாள்.

"பஸ் ஏறிட்டேன்பா. ஸ்டாண்டுக்கு வந்துருங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். இறங்கும்போது முதுகில் பள்ளிக்கூடப் பை இருந்தது, கனமாக. வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போது கேட்டேன், "கன்சோல் நல்லா ஓடுதா?"

"சூப்பரா ஓடுது. அதான் பிரச்சினையே. அங்க இருந்தா அதே கதியா கெடப்பேன்னு அம்மா வெரட்டி விட்டுட்டாங்க. அப்பா வீட்டுல ஒண்ணும் இல்ல, அங்க போயி உருப்படியா படின்னுட்டாங்க."

"அப்ப அடுத்த சனிக்கிழமையும்..."

"பரீட்ச முடியற வரைக்கும் வாரேன். பொறவு பாப்போம்."

டிவி இருந்த அறையில் தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பத்தே கால் மணி. நான் ஓட்டலில் சாப்பாடு வாங்கி வந்தேன். சாப்பிடும்போதும் ஒரு கையில் அறிவியல் புத்தகம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அதே இடம். கதவோரமாக நின்று பார்த்தேன். ஜன்னல் பக்கமும் கடிகாரத்தின் பக்கமும் அவள் திரும்பவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. ஏதாவது கேட்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒரு சந்தேகம் வந்தால் அவளே கேட்பாள் என்று நினைத்தேன். வேதியியலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் நினைவுக்கு வந்தது.

மூன்று மணி ஆனது. அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்து வரை இருப்பாள்போலத் தெரிந்தது. சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவத் தொடங்கினேன்.

"அப்பா, சத்தம் போடாதீங்கப்பா" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அங்கேயே நின்றேன்.