தொட்டியில் ஊற்றிய மழை

குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம் வருவதில்லை. நேரே கூடத்து மீன்தொட்டிக்குப் போய்க் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொள்கிறார்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், இந்த வீட்டில் வெதுவெதுப்பாக இருப்பது அது ஒன்றுதான். உள்ளே ஹீட்டர் போட்ட கடல் தண்ணீர். அதில் ஒரு நீலச் சர்ஜன் மீன். வாலடியில் இருபுறமும் கத்திபோல ஒரு முள் இருப்பதால் அந்தப் பெயர். "எப்பங்க கொழம்பு?" என்று கேட்காதவர் இந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை. தூத்துக்குடிக்காரி வீட்டில் மீன் வேறெதற்கு இருக்கும்? முதலில் சிரித்தேன். இப்போது காபி போட எழுந்து போய்விடுகிறேன்.

கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை என்று ஏழு வருடத்துக்கு முன் மலையேறினேன். தூத்துக்குடியில் கதவைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அப்பும். அப்போது அதைத் திட்டியிருக்கிறேன். இங்கே கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது, துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. கோயம்புத்தூர்க் கடையொன்றில் இந்த மீன் ஒரு கண்ணாடிக்கும் மறு கண்ணாடிக்கும் ஓயாமல் நடைபோடுவதைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். நானும் வீட்டுக்குள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் தண்ணீரில் கரைக்க உப்புப் பொட்டலம் கொடுத்தார். எங்கள் கடல் இருக்கப் பொட்டலம் எதற்கு? பக்கத்து ஊரான கேத்தியிலிருந்து தூத்துக்குடிக்குக் கேரட் ஏற்றிப்போகும் லாரி டிரைவர் செல்வம், திரும்பும்போது கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். "ஏனுங்கக்கா, தண்ணிய லாரில ஏத்திட்டு மலையேறுறவன் நான் ஒருத்தன்தானுங்க" என்பார். ஹீட்டர் சூட்டில் தொட்டி வற்றிக்கொண்டே இருக்கும். வற்றியதையெல்லாம் அந்தத் தண்ணீரால் நிரப்பினேன். இந்த மலைத் தண்ணீர் ஒரு சொட்டும் அதில் விழக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

போன ஐப்பசியில் மீன் நடப்பதை நிறுத்தியது. நீலம் வெளுத்து, மூலையில் நின்று மூச்சு வாங்கியது. தினமும் விரலிலிருந்து தின்னும் பாசியை நீட்டினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கேனைத் திறந்தேன். பக்கத்து வீட்டுச் சுமதி, அதே ஃபேக்டரியில் இலை வாட்டுகிறவள், கண்ணாடியில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மறுக்காவும் உப்புத் தண்ணியா?"

"வத்துனது கடல் தண்ணிதானே சுமதி?"

"கொழம்பு வத்துனா தண்ணி ஊத்துவீங்களா, உப்ப அள்ளிப் போடுவீங்களா?"

சுருக்கென்றது. எனக்கே குழம்புப் பாடமா! ஆனாலும் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர். உப்பு முழுக்க உள்ளேயே தங்கியிருக்க, மாதக்கணக்கில் மேலும் மேலும் உப்பை ஊற்றியிருக்கிறேன். பாசம் பாசம் என்று ஒரு உயிரைக் கருவாடாக்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. வாசலில் வாளி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, செம்பு செம்பாக ஊற்றினோம். நான் வேலையாக இருந்தால் சுமதி ஊற்றினாள். ஆறாம் நாள் மீன் என் விரலிலிருந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "கொழம்புக்குத் தப்பிச்சுருச்சுங்க" என்றாள்.

கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி போனேன். முழங்கால் வரை கடலில் இறங்கி நின்றேன். ஏழு வருடம் நான் ஏங்கிக் கிடந்த இடம். ஆனால் நிலைகொள்ளவில்லை. தொட்டி வற்றியிருக்குமே. அங்கிருந்தே சுமதிக்குப் போன் போட்டேன்.

"காலைலயே ஊத்திப்போட்டனுங்க. அங்கயும் மழைங்களா? ஒரே எரைச்சலா இருக்குது."

"மழையில்ல சுமதி, கடல்."

"அப்படீங்களா. உங்க மீனு உங்களத் தேடவே இல்லீங்க. என்னையக் கண்டா ஓடி வருது."

அவள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது. உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டும் போலிருந்தது. ஊரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.