என் கழுத்தில் ஒரு மாட்டெலும்பு

பால் கறக்க உட்கார்ந்தால் என் வலது கை காம்பைப் பிடிக்கும்; பால் இறங்காது. விரல்களில் வலு இல்லை. சூலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று மாடுகள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான்தான் கறக்கிறேன். ஜாக்கெட் ஊக்குப் போட முடியாமல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மடியில் கை வைத்ததும் மாடு திரும்பி என்னைப் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார். இப்படியே விட்டால் கை முழுசாகப் போய்விடுமாம். தட்டை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு எலும்புத் துண்டை வைத்து, மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாகச் சேர விட வேண்டும்.

"உங்க இடுப்பெலும்புலயே ஒரு துண்டு எடுத்து வெக்கலாங்க. இல்லீன்னா சுத்தம் பண்ணிப் பதப்படுத்துன மாட்டெலும்பு இருக்குது. அதோட உங்க எலும்பு வளந்து கூடிக்கும்."

"இடுப்புல எடுத்தாக் குத்தவெச்சு உக்கார முடியுங்களா?"

"அங்க கொஞ்ச மாசம் வலி இருக்கலாங்க. சிலருக்கு நீடிக்கும்."

"அப்ப மாடே இருக்கட்டுங்க" என்றேன்.

"அம்மாவ ஒரு வார்த்தை கேக்கோணும்" என்றார் என் வீட்டுக்காரர். கழுத்து யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டர் முன்னால் வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன்.

அத்தை, அதாவது என் மாமியார், செத்த மாட்டைக்கூடத் தோலுக்கும் எலும்புக்கும் வண்டியேற்ற விடமாட்டார். தோட்டத்திலேயே குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்து, மேலே ஒரு தென்னை வைப்பார். விஷயத்தைக் கேட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "சாமிகிட்டப் பூக் கேட்டறலாம்" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைப்போம். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

என் கையை ஒரு பூவை நம்பி விட நான் தயாராக இல்லை. இரண்டு பொட்டலத்துக்கும் வெள்ளரளியாகவே பறித்து வந்தேன். அம்மன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கை வந்த பிறகு கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். பொட்டலத்தை நானே கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் வாழையிலைத் துண்டு என் விரலில் நிற்கவில்லை. மடித்தால் பிரிந்தது, நாரைச் சுற்றினால் நழுவியது. பூ அத்தனையும் தரையில் கொட்டிவிட்டது. அத்தை வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

"செகப்பு எங்க அம்மணி?"

"செடியில பூவே இல்லைங்க அத்தை."

வாசலில் செவ்வரளி கொள்ளையாகப் பூத்து நின்றது. அத்தை அதைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். உட்கார்ந்து, கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கி இரண்டு பொட்டலம் கட்டினார். இரண்டிலும் வெள்ளை.

கோயிலில் பூசாரி எடுத்துக் கொடுத்ததை அத்தையே பிரித்தார். "வெள்ளை வந்திருச்சு கண்ணு" என்று மகனிடம் சொன்னார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். மற்றதைப் பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வாக்குக் கிடைத்த சந்தோஷம் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

கழுத்தின் முன்பக்கம் அறுத்து மாட்டெலும்பை வைத்தார்கள். வலு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பட்டை போட்ட கழுத்தோடு உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி ரப்பர் பந்தைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதுவரை வீட்டுக்காரர் கறந்தார், மாட்டிடம் உதையும் வாங்கினார். கடைசியில் ஒருநாள் நான் கறந்த பால் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது.

பட்டிப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி நிறுத்தினோம். குங்குமத்தை நானே கிள்ளியெடுத்து மூன்று நெற்றியிலும் வைத்தேன். துளி சிந்தவில்லை. அத்தை என்னிடமிருந்து கிண்ணத்தை வாங்கினார். என் கழுத்துத் தழும்பின்மேல் ஒரு பொட்டு வைத்தார்.

"இங்க இருக்கறதுக்கும் வெக்கோணுமல்லோ அம்மணி" என்றார்.