இரண்டு துறைக்கு ஒரு கண்காணிப்பாளர்

அம்பரீன் ஆம்பூரில் ரயிலேறுவாள், சௌந்தர்யா குடியாத்தத்தில். இருவருக்கும் தென்பாலாறு பல்கலைக்கழகத்தில் வேலை. அம்பரீன் வேதியியல் துறை அலுவலகக் கண்காணிப்பாளர், சௌந்தர்யா தோல் தொழில்நுட்பத் துறை அலுவலகக் கண்காணிப்பாளர். பல வருடப் பழக்கம். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு சௌந்தர்யா வாரத்தில் இரண்டு நாள் சீக்கிரமே கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில் அவள் மேசைக்கு வரும் போனை எடுத்துப் பேசி, விஷயம் யாருக்கும் தெரியாமல் சமாளித்தது அம்பரீன்தான்.

போன ஜூனில் புது நிர்வாகம் இரண்டு துறைகளையும் ஒன்றாக்கியது. இனி ஒரே அலுவலகம், ஒரே கண்காணிப்பாளர். இருவரில் மற்றவர் தேர்வுப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே வேலை முடிய இரவு எட்டாகிவிடும். அறிவிப்பு வந்த வாரத்திலேயே ஆட்கள் மாறிப்போனார்கள். ஒன்றாக டீ குடித்தவர்கள் அவரவர் மேசையில் குடித்தார்கள். வேலையில்லாதவர்களும் டீன் அறை விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

டீன் ராமமூர்த்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அம்பரீனை அவர் மிரட்டவில்லை. தோல் துறை அலுவலகம் சாயங்காலத்தில் எப்படி நடக்கிறது என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேர்வுப் பிரிவு, கடைசி வண்டி, வீட்டில் மாமியாரின் முகம் எல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன.

"சௌந்தர்யா ரெண்டு நாள் சீக்கிரம் போய்டுவாங்க சார்" என்றாள். காரணத்தைச் சொல்லவில்லை.

பதவி அம்பரீனுக்கு வந்தது. சௌந்தர்யா ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பு வாங்கிவந்து வாழ்த்தினாள். ஒரு வாய் கடித்துவிட்டு அம்பரீன் சொன்னாள்.

"நான்தான் டீன்கிட்ட சொன்னேன்."

"தெரியும். உன்ன விட்டா அது யாருக்குத் தெரியும்?" சௌந்தர்யா டப்பாவை மூடினாள். "அம்மாவுக்காகப் போறான்னும் சேத்து சொல்லிருக்கலாம் நீ."

மறுநாள் அம்பரீன் டீனிடம் போய், தான் உடந்தையாக இருந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். தன்னையே தேர்வுப் பிரிவுக்கு மாற்றும்படி கேட்கத்தான் போயிருந்தாள். அதை மட்டும் கேட்கவில்லை. டயாலிசிஸ் நாட்களில் சௌந்தர்யா மதியமே போகலாம் என்று டீன் அனுமதித்தார். மற்ற நாட்களில் எட்டு மணிதான்.

"தேங்க்ஸ்ங்க மேடம்" என்றாள் சௌந்தர்யா. கேலியில்லை, கோபமும் இல்லை. மற்றவர்களிடம் பேசுவதுபோலவே பேசினாள்.

இப்போதெல்லாம் யார் சீக்கிரம் போகக் கேட்டாலும் அம்பரீன் காரணம் விசாரிக்காமல் அனுப்பிவிடுகிறாள். என்றாலும், அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் ஊழியர்களிடையே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடுகிறது. அவர்கள்மேல் அவளுக்கு வருத்தமில்லை.